காய்ச்சல் விட்டது, நோய் விட்டதா?

 

சென்ற ரமளானுக்குப் பத்து நாள்கள் இருக்கும்போது, பெண்களுக்கான வாராந்திர வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், ஒரு சகோதரி மட்டும் திரைக்கு அப்பால் தங்கி நம்மிடம் சட்டம் கேட்டார். கொரோனா வந்து குணமான நாள் முதல் தம் உடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்றார். ஒரு நாள் ஸஹருக்கு எழுந்து சமைத்து, நோன்பும் நோற்று, இரவில் தராவீஹும் நின்று தொழுதால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் படுக்கையை விட்டு எழ முடிவதில்லை. தலைக்குள் பஞ்சு அடைத்தாற்போல் இருக்கிறது. அடுப்பில் ஏற்றியதை மறந்துவிடுகிறார். இரத்தப் பரிசோதனை, நெஞ்சுப் படம், இ.சி.ஜி. எல்லாம் சரியாகவே இருக்கின்றனவாம். மாமியார் நடிப்பு என்கிறார். கணவர் ஒன்றும் சொல்வதில்லை. "ஹஜ்ரத், நான் நோயாளியா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

கேள்வி சிறியதுதான். ஆனால் ஒரு குடும்பமே அதன்மேல் நின்றுகொண்டிருந்தது. நோயாளி என்றால் நோன்பில் அவருக்கு அல்லாஹ் தந்த சலுகை உண்டு; வீட்டில் ஓய்வெடுக்கும் உரிமையும் உண்டு. நோயாளி இல்லை என்றால் அவர் சோம்பேறி, நடிப்புக்காரி, ஈமானில் குறைந்தவர் ஆகிவிடுவார். நாம் அன்று உடனே பதில் கூறவில்லை. இதே கேள்விக்கு ஒருமுறை தவறான பதில் கூறியவர்கள் நாம்.

அது 2021ஆம் ஆண்டு. நோன்புப் பெருநாள் மே 14 அன்று வந்தது. தமிழகம் முழு ஊரடங்கில் இருந்ததால் பெருநாள் தொழுகையை வீட்டுக்குள்ளேயே நிறைவேற்றினோம். அடுத்த ஒரு வாரத்தில் மாநிலத்தின் ஒரு நாள் தொற்று 36,000ஐத் தாண்டியது. நம்முடன் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்த உஸ்தாத் ஒருவர் அந்த நாள்களில்தான் படுத்தார். மருத்துவமனைக்குச் செல்லும் அளவுக்கு நோய் முற்றவில்லை. மூன்று வாரங்களில் எழுந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். மதரஸா திறந்தபோது முதல் ஆளாக வந்தார். ஒரே அமர்வில் ஒரு ஜுஸ்உவை ஓதி முடிக்கும் குரல் அவருடையது. இப்போது அரைப் பக்கத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார். காலை வகுப்பை முடித்தால் மாலை வகுப்புக்கு வர இயலவில்லை. பிள்ளைகளின் பெயர்கள் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. மருத்துவ அறிக்கைகளில் குறையேதும் இல்லை.

நிர்வாகத்தினர் கூடிப் பேசினர். அந்தப் பேச்சில் நாமும் இருந்தோம். நோய் போய் நான்கு மாதங்கள் ஆகியும் ஒரு மனிதர் இப்படி இருப்பாரா என்று ஒருவர் கேட்டபோது நாம் மறுக்கவில்லை. அதைவிடப் பெரிய பிழையாக, அவரைத் தனியே அழைத்து மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளும்படியும், திக்ரை அதிகப்படுத்தும்படியும், சோம்பல் ஷைத்தானின் தூண்டுதல் என்பதை மறவாதிருக்கும்படியும் உபதேசம் செய்தோம். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் வேலையை விட்டுச் சென்றார்.

அவர் உடலில் என்ன நடந்திருக்கக்கூடும் என்பதைப் பிறகுதான் தேடிப் படித்தோம். நாம் மருத்துவர் அல்லர். ஆயினும் சட்டம் சொல்லும் இடத்தில் அமர்ந்திருப்பவன், தான் எதைப் பற்றிச் சட்டம் சொல்கிறான் என்பதை அறிந்திருக்க வேண்டுமல்லவா?

உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் இந்நிலைக்கு ஒரு வரையறை வகுத்தது. கொரோனா தொற்றிய மூன்று மாதங்களுக்குப் பின்னும் இருக்கிற, குறைந்தது இரண்டு மாதங்கள் நீடிக்கிற, வேறு நோயால் விளக்க முடியாத களைப்பு, மூச்சிரைப்பு, நினைவுத் தடுமாற்றம் போன்றவை கொரோனாவுக்குப் பிந்தைய நோய்நிலை என்று அது ஏற்றுக்கொண்டது. கொரோனா வந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பேருக்கு இது வருவதாக அதே நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. நடிப்பு என்று மாமியார் சொன்னதற்கு மருத்துவ உலகம் ஒரு பெயரும் வைத்து, கணக்கும் எடுத்திருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை.

ஏன் இப்படி நிகழ்கிறது என்பதற்கு ஆய்வாளர்கள் பல காரணங்களைச் சொல்கின்றனர். வைரஸின் மிச்சங்கள் உடலின் மூலைகளில் தங்கியிருத்தல், நோய் எதிர்ப்பு ஆற்றல் திசைமாறிச் சொந்த உடலையே தாக்குதல், நுண்ணிய இரத்தக் கட்டிகள், உடலில் முன்பே உறங்கிக்கிடந்த வேறொரு வைரஸ் விழித்துக்கொள்ளுதல் என்பன அவற்றுள் சில. ஒன்று மட்டுமே காரணம் என்று நேர்மையான ஆய்வாளர் எவரும் சொல்வதில்லை. நம் மனத்தில் தைத்தது அவற்றுள் இன்னொன்று. முதுமை அடைந்தும் சாகாமல் நிற்கும் உயிரணுக்களைப் பற்றியது அது.

நம் உடலிலுள்ள உயிரணுக்கள், அதாவது செல்கள், பிரிந்து பிரிந்து பெருகுகின்றன, பழையன கழிகின்றன. இந்தப் பெருக்கத்துக்கு எல்லை இல்லை என்றே ஒரு காலத்தில் எண்ணியிருந்தனர். 1961இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் லியோனார்ட் ஹேஃப்ளிக் என்பவரும் அவருடைய தோழர் மூர்ஹெட்டும், மனித செல்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று காட்டினர். அவ்வாறு நின்றுபோன செல் உடனே மடிவதில்லை. உயிரோடு இருக்கும்; புதிய செல்லைத் தராது. அதையே முதுமை அடைந்த செல் என்கின்றனர். வயது மட்டும் ஒரு செல்லை இந்நிலைக்குத் தள்ளுவதில்லை என்பது பின்னர் தெரிந்தது. கதிர்வீச்சு, நச்சு, கடுமையான நோய்த்தாக்கு என எது பலமாக அடித்தாலும், இளைஞரின் உடலிலுள்ள செல்லும் ஒரே வாரத்தில் கிழமாகிவிடலாம்.

அது சும்மா இருந்தால் தொல்லையில்லை. சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை ஓயாமல் கசியவிடுகிறது. இக்கசிவைப் பற்றி 2008 முதல் விரிவாக எழுதியவர் ஜூடித் காம்பிஸி என்ற அமெரிக்கப் பெண் அறிவியலாளர். அந்தக் கசிவு பட்ட அண்டைச் செல்களும் காலத்துக்கு முன்பே முதுமை அடைகின்றன. மாம்பழக் கூடையில் ஒரு பழம் அளவுக்கு மீறிக் கனிந்துவிட்டால் அதைச் சுற்றியுள்ள காய்களும் முந்திக்கொண்டு பழுப்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவர். ஏறக்குறைய அதே வேலைதான்.

இந்தச் செல்களை முற்றிலும் தீயவை என்றும் சொல்ல முடியாது. பழுதுபட்ட செல் பிரிந்துகொண்டே போனால் அது புற்றுநோயாகலாம். பிரிவதை நிறுத்திக்கொள்வது அந்த ஆபத்துக்கு ஒரு தடை. காயம் ஆறுவதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. வேலை முடிந்ததும் நோய் எதிர்ப்பு ஆற்றல் வந்து இவற்றை அப்புறப்படுத்திவிடும். அல்லாஹ் அமைத்த ஏற்பாடு எத்துணை நுட்பமானது, ஸுப்ஹானல்லாஹ். வயது ஏற ஏற, சர்க்கரை நோயும் சேரச் சேர, அப்புறப்படுத்தும் வேலை பின்தங்குகிறது, குப்பை தேங்குகிறது. வீட்டுக்கொருவர் சர்க்கரை மாத்திரை விழுங்கும் நம் சமுதாயம் இதைக் கவனிக்க வேண்டும்.

கொரோனாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஜெர்மனியின் பெர்லின் நகரிலுள்ள சாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்த கிளெமென்ஸ் ஷ்மிட்டின் குழு 2021 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. கொரோனா வைரஸ் தொற்றிய செல்கள் முதுமை நிலைக்குச் செல்வதையும், அவற்றின் கசிவு அழற்சியையும் இரத்தம் உறைதலையும் தூண்டுவதையும் அது காட்டியது. நோயாளிகளின் மூக்குச் சளிச்சவ்விலும் நுரையீரலிலும் இதற்கான தடயங்கள் இருந்தன. முதிய செல்களைத் தேர்ந்து அழிக்கும் மருந்துகளை ஹாம்ஸ்டர் எலிகளுக்குக் கொடுத்தபோது நுரையீரல் பாதிப்புக் குறைந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில், கிழ எலிகளுக்குக் கொரோனா இனத்தைச் சேர்ந்த எலி வைரஸைத் தொற்றவைத்து இத்தகைய மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தனர். இறப்பு வெகுவாகக் குறைந்தது.

இவ்விரண்டும் நோயின் தீவிர நாள்களைப் பற்றியவை. அங்கிருந்து ஆய்வாளர்கள் அடுத்த கேள்விக்குச் செல்கின்றனர். வைரஸ் வெளியேறிவிட்டது, பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்துவிட்டது. ஆனால் அது முதுமையாக்கி விட்டுச்சென்ற செல்கள் நுரையீரலிலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் அமர்ந்துகொண்டு கசிந்துகொண்டே இருந்தால்? அந்த மனிதருக்குக் காய்ச்சல் இராது, நோய் இருக்கும். வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனை எதுவும் இந்தச் செல்களை எண்ணிக் காட்டுவதில்லை. அறிக்கையில் எல்லாம் சரி என்று வந்ததால் அந்த உஸ்தாதின் உடலில் எல்லாம் சரி என்று நாம் முடிவு கட்டியது, கிணற்றில் வாளி எட்டாததைப் பார்த்துத் தண்ணீரே இல்லை என்றதற்குச் சமம்.

இதற்கு ஜெர்மனிவரை போக வேண்டியதும் இல்லை. இதே நிலையைக் குறிக்க நம் கிதாபுகளிலேயே ஒரு சொல் இருக்கிறது. 'நாகிஹ்' என்பது அச்சொல். நோய் நீங்கிவிட்டது, ஆனால் வலிமை இன்னும் திரும்பவில்லை என்ற இடைநிலையில் இருப்பவருக்கு அரபியில் அந்தப் பெயர். அன்சாரிப் பெண்மணியான உம்முல் முன்திர் (ரலி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுடன் அந்த அம்மையார் வீட்டுக்கு வந்தார்கள். அங்கே பேரீச்சங்குலைகள் தொங்கவிடப்பட்டிருந்தன. நபியவர்கள் உண்ணத் தொடங்க, அலீ (ரலி) அவர்களும் கையை நீட்டினார்கள். அலீ அப்போதுதான் நோயிலிருந்து எழுந்திருந்தார்கள்; அதை நினைவூட்டி நபியவர்கள் அவர்களைத் தடுத்தார்கள். பின்னர் அந்த அம்மையார் வாற்கோதுமையும் கீரையும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவந்தபோது, இதை உண்ணுங்கள், இதுவே உங்களுக்கு ஏற்றது என்ற கருத்தில் அலீயிடம் கூறினார்கள்.

இதை நாம் மாணவர்களுக்குப் பலமுறை நடத்தியிருக்கிறோம். பத்திய உணவுக்கான ஆதாரமாக நடத்திவிட்டுக் கடந்துவிடுவோம். இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) 'ஸாதுல் மஆத்' நூலில் இதை எடுத்து விளக்கும்போது, நோயிலிருந்து எழுந்தவரின் உறுப்புகள் இன்னும் பலவீனமாக இருப்பதையே அடிப்படையாகக் கொள்கிறார். ஆக, நோயாளி, நலமானவர் என்ற இரு வகையோடு நம் முன்னோர் நிற்கவில்லை. மூன்றாவதாக ஒருவரையும் கண்டனர். அந்த மூன்றாமவர் யார்? கைபரின் வீரரான அலீ (ரலி). அவரைப் பார்த்துக் காய்ச்சல்தான் போய்விட்டதே என்று எவரும் சொல்லவில்லை. நம் உஸ்தாதுக்கு நாம் சொன்னோம்.

இங்கே மார்க்கம் அறிந்த சிலருக்கு ஓர் ஐயம் எழும். ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான், முதுமையைத் தவிர என்ற கருத்தில் ஹதீஸ் உள்ளதே. முதுமை அடைந்த செல்களை மருந்தால் அகற்றுவதென்றால் அது இதற்கு முரணாகாதா என்று ஓர் ஆலிம் நண்பர் நம்மிடம் கேட்டார். நம் புரிதலில் முரண் இல்லை. ஹதீஸ் சொல்வது மனிதனை மரணத்தை நோக்கி அழைத்துச் செல்லும் முதுமையை. முப்பது வயதுப் பெண்ணின் நுரையீரலில் வைரஸ் விட்டுச்சென்ற சில செல்கள் அந்த முதுமை அல்ல. 'முதுமை' என்பது அங்கே அறிவியலார் ஒப்புமைக்காக வைத்த பெயர். உண்மையில் அது நோய். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற கட்டளை அதே ஹதீஸின் முற்பகுதியில்தான் இருக்கிறது.

ஆனால் மருந்து என்ற சொல்லைக் கேட்டதும் கைப்பேசியில் ஆர்டர் போடும் பழக்கம் நம்மிடையே பெருகிவிட்டதால், ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதிய செல்களை அழிக்கும் மருந்துகளுக்கு 'செனோலிட்டிக்' என்று பெயர். 2015இல் முதன்முதலாக அடையாளம் காட்டப்பட்ட இணை, தஸாட்டினிப் என்ற இரத்தப் புற்றுநோய் மருந்தும், வெங்காயத்திலும் ஆப்பிளிலும் உள்ள குவெர்செட்டின் என்ற பொருளும் ஆகும். 2019இல் வெளியான முதல் மனித ஆய்வில் நுரையீரல் தழும்பு நோயுள்ள 14 பேர் மட்டுமே பங்கேற்றனர். கொரோனாவுக்குப் பிந்தைய நோய்க்கென இம்மருந்துகள் எதுவும் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையாகவில்லை. தஸாட்டினிப் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியது. நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கச் செய்யக்கூடியது. இளமை திரும்பும், களைப்பு ஓடும் என்று விளம்பரம் செய்து விற்கப்படும் குவெர்செட்டின் மாத்திரைகளை நம்பி வீட்டுச் செலவுப் பணத்தைக் கரைக்காதீர்கள். வெங்காயத்தைக் கூடுதலாக உண்பதால் கேடில்லை. அதனால் செல்கள் அழியும் என்று எண்ணுவதுதான் கேடு. எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்ற அவசரத்தில்தான் இந்த வணிகம் முழுவதும் நடக்கிறது.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? முதலில் மருத்துவரிடம் சென்று, சர்க்கரை, தைராய்டு, இரத்தசோகை, காசநோய் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். களைப்பு என்றாலே கொரோனா என்று சொல்லிக் காசநோயைக் கோட்டைவிட்டால் அதுவும் பெருந்தவறு. பிறகு உழைப்பை அளந்து செய்ய வேண்டும். இந்த நோயாளிகளில் பலருக்கு உழைத்த அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உடல் விழுந்துவிடும். எனவே இயன்ற நாளில் எல்லா வேலையையும் முடித்துவிடும் ஆசையை அடக்கி, கொஞ்சம் செய்து, கொஞ்சம் அமர்ந்து, மீண்டும் செய்வதே அறிவுடைமை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. அதைக் கேட்டுப் பெற வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் நோயாளிக்கு நோன்பைப் பிற்படுத்தும் அனுமதி இருக்கிறது என்பதை நம்மில் சிறுவரும் அறிவர். எத்தகைய நோய் என்பதில்தான் குழப்பம். நோன்பு நோற்றால் நோய் அதிகமாகும் என்ற அச்சம் இருந்தாலும், குணமாவது தாமதமாகும் என்ற அச்சம் இருந்தாலும் நோன்பை விடலாம் என்று ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் தெளிவாகக் கூறுகின்றன. அந்த அச்சம் வெறும் கற்பனையாக இருக்கக் கூடாது. வெளிப்படையான அடையாளம், தன் சொந்த அனுபவம், திறமையான மருத்துவரின் சொல் ஆகியவற்றுள் ஒன்று அதற்கு அடிப்படையாக வேண்டும். சொந்த அனுபவம் என்று நம் இமாம்கள் எழுதிவைத்திருப்பதைக் கவனியுங்கள். ஒரு நோன்பு வைத்தால் இரண்டு நாள் விழுந்துவிடுகிறேன் என்று ஒரு பெண் பலமுறை பட்டு அறிந்து சொல்கிறாள். இதைவிட வேறென்ன அனுபவம் வேண்டும்? ஆய்வக அறிக்கை வந்தால்தான் நம்புவோம் என்பது ஃபிக்ஹு விதித்த நிபந்தனை அல்ல, நாம் விதித்தது.

எனவே நாம் மறுவாரம் அவருக்குக் கூறிய பதில் இது: நீங்கள் நோயாளிதான். மருத்துவரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். தாங்குமளவு நோற்று, தாங்காத நாள்களை விட்டுவிடுங்கள். உடல் தேறும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை இதற்கு ஃபித்யா கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டாம். தேறிய பின், வெயில் தணிந்த கார்த்திகை, மார்கழி நாள்களில் ஒன்றிரண்டாகக் களா செய்யுங்கள். தராவீஹை அமர்ந்து தொழுங்கள், அல்லது குறைத்துத் தொழுங்கள். இதில் எதற்காகவும் எவரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை.

அமர்ந்து தொழுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2006இல் சிக்குன்குனியா தமிழகத்தைப் படுத்திய பாடு உங்களுக்கு நினைவிருக்கும். 1964இல் சென்னைக்கு வந்துபோன அந்த வைரஸ், பல்லாண்டுகள் மறைந்திருந்து மீண்டும் வந்து, நாடு முழுவதும் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. தான்சானியாவின் மக்கொண்டே மொழியில் வளைந்து முறுகுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. மூட்டு வலி பலருக்கு மாதக் கணக்கிலும், சிலருக்கு ஆண்டுக் கணக்கிலும் விடவில்லை. நம் பள்ளிவாசலின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இடம்பிடித்தது அந்தக் காலத்தில்தான். அன்று அவற்றில் அமர்ந்தவர்களைப் பார்த்து, கடைவீதியில் நடக்கத் தெரிகிறது, தொழுகையில் நிற்கத் தெரியவில்லையா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. (நிற்க முடிந்தும் வசதிக்காக நாற்காலி தேடுவோரும் உண்டு, அவர்களை இங்கே நாம் ஆதரிக்கவில்லை.) இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்ற சட்டம் யாருடைய கேள்வியால் நமக்குக் கிடைத்தது? இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களின் கேள்வியால். அவர்களுக்கு இருந்தது மூலநோய்; பக்கத்தில் நின்று தொழுதவர் கண்ணுக்குத் தெரியாத நோய். நபி (ஸல்) அவர்கள் ஆதாரம் கேட்கவில்லை.

நம் ஊரில் உடல்நலத்தை அளக்கத் தனி அளவுகோல் ஒன்று உண்டு. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். நம் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் இந்துச் சகோதரர் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் சென்றவர். ஊரடங்கில் கிரிவலம் நின்றுபோயிருந்த நாளில் அவருக்கும் கொரோனா வந்தது. தடை நீங்கி ஊரே மீண்டும் நடக்கத் தொடங்கியபோது அவரால் அக்னி லிங்கத்தைத் தாண்டுவதற்குள் ஆட்டோ தேட வேண்டியிருந்தது. அவர் கடையில் நிற்பவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம்: பாவம், அந்த நோய் வந்ததிலிருந்து முடியவில்லை என்கிறார்கள். அவருடைய பக்தி குறைந்துவிட்டது என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. தொழுகையாளிகளான நாம்தான் நம்மில் ஒருவர் தளர்ந்தால் ஈமானை அளக்கத் தொடங்குகிறோம். அல்லாஹ் மன்னிப்பானாக.

வீட்டிலுள்ளவர்களுக்கு, குறிப்பாகக் கணவர்மார்களுக்கு ஒரு சொல். மேற்கண்ட சகோதரியின் கதையில் மாமியார் பேசினார்; கணவர் பேசவில்லை. நம் கணிப்பில் அந்த மௌனமே கூடுதலாக வலித்திருக்கும். நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டு வேலைகளில் கைகொடுத்து வந்தார்கள் என்பதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததை ஜும்ஆ பயானில் கேட்டுவிட்டு வருகிறோம். ஸஹருக்கு எழுந்து ஒரு நாள் அரிசி களைந்து வைத்தால் என்ன? மாமியார்களையும் நாம் குறை சொல்லி முடித்துவிட மாட்டோம். அவர்களில் பலர் சிக்குன்குனியா வலியோடும் அம்மி அரைத்தவர்கள். தாங்கள் பட்டதை எவரும் நோய் என்று ஒப்புக்கொள்ளாததால், பிறர் படுவதையும் நோய் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

உஸ்தாதை ஓராண்டுக்கு முன் நேரில் சென்று பார்த்தோம். இப்போது வேறோர் ஊரில் காலையில் மட்டும் ஓதிக்கொடுக்கிறார், மாலையில் ஓய்வு. பழைய குரல் முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. நாம் சொன்னவற்றுக்கு மன்னிப்புக் கேட்டோம். அன்றே மன்னித்துவிட்டதாகக் கூறிவிட்டு, நாம் நினைத்திராத ஒன்றைச் சொன்னார். நாம் சோம்பல் என்று சொன்னது அவரைப் புண்படுத்தவில்லையாம். நாம் சொன்னதை அவரே நம்பிவிட்டதுதான் புண்படுத்தியதாம். ஏறத்தாழ ஓராண்டு, தன் ஈமானில்தான் கோளாறு என்று எண்ணிக்கொண்டு இரவில் எழுந்து நின்று தொழுதிருக்கிறார். ஒவ்வொரு முறையும் மறுநாள் விழுந்திருக்கிறார். அந்த ஓராண்டில் தேறியிருக்க வேண்டிய உடல் தேறாமல் போனதற்கு நம் உபதேசமும் ஒரு காரணம்.

நம் மதரஸா நிர்வாகத்திடம் இப்போது ஒரு கோரிக்கை வைத்திருக்கிறோம். நீண்ட காய்ச்சலுக்குப் பின் திரும்பும் ஆசிரியருக்கும், மோதினாருக்கும், சமையல் பணியாளருக்கும் மூன்று மாதங்கள் அரைநாள் வேலை, முழுச் சம்பளம். ஹிஃப்ழு மாணவருக்கு அதே காலத்துக்குப் பாதி பாடம். செலவைக் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டோம். பெரிய தொகை இல்லை. வரும் மாதக் கூட்டத்தில் எடுத்துப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊர் மதரஸாவில் இப்படி ஓர் ஏற்பாடு முன்பே இருக்குமானால், அதன் விவரத்தை நமக்கு எழுதுங்கள். கூட்டத்தில் காட்ட உதவும், இன்ஷா அல்லாஹ்.